உங்களுக்குத் தெரியுமா? சீனன்குடாவிலிருந்து ஷின்கான்சென் வரை

கொழும்பு கோட்டையில் இரவு ஏறினால், விடியும் நேரத்தில் தம்பலகாமத்து வயல்கள் யன்னலுக்கு வெளியே மெல்ல வெளிக்கும். அடுத்தது சீனன்குடா. அதற்குப் பிறகு உப்புக்காற்று, பிறகு திருகோணமலை. ஏறத்தாழ 295 கிலோமீற்றருக்கு எட்டு மணித்தியாலம். எங்கள் அப்பாச்சி கடைசிவரை அதைக் 'கோச்சி' என்றுதான் சொன்னா. அந்தக் கோச்சியில் வளர்ந்த ஒருவர் ஜப்பானின் அதிவேக ரயில்களைப் பற்றியும், ரயிலையே உயிராக நினைக்கும் அந்நாட்டு மக்களைப் பற்றியும் சேர்த்து வைத்த குறிப்புகள் இவை. தேடத் தேட, பாதிக்கு மேல் நம்மூருக்கே திரும்பி வந்தன.

● ஷின்கான்சென் என்ற சொல்லுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் தொடர்பில்லை. 'புதிய பிரதான பாதை' என்பதே அதன் பொருள். 'குண்டு ரயில்' என்ற பெயர் 1940ஐ ஒட்டிய ஒரு பழைய திட்டத்துக்கு வைக்கப்பட்டது. போர் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்காக வெட்டிய சுரங்கங்களில் சில பிறகு பயன்பட்டன. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே முதல் ஷின்கான்சென் ஓடியது 1964 ஒக்டோபர் 1ஆம் திகதி. வேகம் மணிக்கு 210 கிலோமீற்றர்.

● நமது தண்டவாளம் ஷின்கான்செனின் தண்டவாளத்தைவிட அகலமானது! கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்கு 1927இல் திறந்த பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீற்றர். ஷின்கான்செனில் 1,435. ஜப்பானின் சாதாரண ரயில்கள் இன்னும் ஒடுங்கிய 1,067 மில்லிமீற்றரில் ஓடுகின்றன. அந்த ஒடுங்கிய பாதையில் வேகம் கூட்ட முடியாது என்பதால்தான் அவர்கள் புதிதாக ஒரு பாதையையே போட்டார்கள். ஆனால் வேகத்துக்கு அகலம் மட்டும் போதாது. வளைவு, பாலம், சமிக்ஞை, குறுக்கே வரும் தெரு எல்லாமே கணக்கில் வரும். டோக்கியோ - ஒசாகா ஷின்கான்சென் பாதையில் தெரு குறுக்கிடும் கடவை ஒன்றுகூட இல்லை. நமது பாதையில் காவலாளி இல்லாத கடவைகள் எத்தனை என்று இங்கே மோட்டார் சைக்கிள் ஓடும் எவருக்கும் தெரியும்.

● 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு மேலே பறந்த ஒரு விமானத்தில்தான் ஷின்கான்செனின் கதையில் பாதி இருக்கிறது. அன்று ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று எரிந்தது. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் 300க்கு மேற்பட்டவர்களுடன் மூழ்கியது. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்தவை 'ஜீரோ' என்ற சண்டை விமானங்கள்.

அந்த ஜீரோவுக்கு ஒரு நோய் இருந்தது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் இறக்கையும் வாலும் தானாகவே அதிர்ந்து, அதிர்வு அதிர்வைப் பெருக்கி, விமானம் வானிலேயே சிதறிவிடும். 1940இலும் 1941இலும் விமானிகள் இப்படி இறந்தார்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த கடற்படைப் பொறியியலாளர்களில் ஒருவர் மட்சுதைரா ததாஷி. போர் முடிந்தது. ஜப்பான் விமானம் செய்யக்கூடாது என்று நேச நாடுகள் தடை போட்டன. வேலை இழந்த விமானப் பொறியியலாளர்கள் பலர் ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மட்சுதைராவும் சேர்ந்தார்.

அங்கே வேறொரு புதிர் காத்திருந்தது. வேகம் கூடக்கூட ரயில் சில்லுகள் தண்டவாளத்தின்மேல் இடமும் வலமுமாக நெளிந்தன. 'பாம்பு நெளிவு' என்பதே ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர். கூடினால் வண்டி தடம் புரளும். தண்டவாளம் கோணலாக இருப்பதுதான் காரணம் என்று பழைய ரயில்வேக்காரர் நினைத்தார்கள். மட்சுதைரா, தண்டவாளத்தில் பிழை இல்லை, இது தன்னைத்தானே வளர்க்கும் அதிர்வு, ஜீரோவில் கண்ட அதே நோய் என்றார். அதை அடக்கும் சில்லுத்தொகுதியை அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சோதித்து உருவாக்கினார்கள். ஷின்கான்சென் 210இல் ஓட முடிந்தது அதனால்தான்.

சீனன்குடா நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் இதை நினைக்கிறேன். காட்டுக்குள் அந்தக் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள் இன்னும் நிற்கின்றன. நம் ஊருக்கு மேலே வந்த விமானத்தின் நோயைத் தீர்த்த அறிவு, கோடிக்கணக்கானவர்கள் அச்சமின்றி ஏறும் ரயிலாக மாறியிருக்கிறது.

● முதல் ஷின்கான்செனின் உருண்டை மூக்கை வரைந்த மிக்கி ததனாவோவும் போர்க்கால விமானப் பொறியியலாளர்தான். விமானி உயிரோடு திரும்பவே முடியாத 'ஓக்கா' என்ற தற்கொலை விமானத்தின் வடிவமைப்பு அவருடையது. அந்தப் பாரம் அவரை விடவில்லை. போருக்குப் பின் கிறிஸ்தவரானார். போருக்கு உதவும் எதையும் இனிச் செய்வதில்லை என்று ரயில் பக்கம் வந்தார். அவர் பங்கெடுத்த ஒடாக்கியூ நிறுவன ரயிலொன்று 1957இல் ஒடுங்கிய பாதையிலேயே 145 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. ஷின்கான்சென் சாத்தியம்தான் என்ற நம்பிக்கை அதோடு வலுத்தது.

● 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை சார்பில் பேசிய ஜே. ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்றார். கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜப்பானியர் அதை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஜப்பானுக்குக்கூட ஷின்கான்சென் போடக் கையில் காசு போதவில்லை. 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனைக் கட்டி முடித்தது 1981இல். செலவு முதலில் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. பொறுப்பேற்று ரயில்வேத் தலைவர் சோகோ ஷின்ஜி 1963இல் பதவியை விட்டார். தலைமைப் பொறியியலாளர் ஷிமா ஹிதேயோவும் அவரோடு விலகினார். அடுத்த ஆண்டு முதல் ரயில் புறப்பட்டபோது, அதைப் பெற்றெடுத்த ஷிமா தன் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தக் காட்சி மனத்தைவிட்டு அகல மறுக்கிறது.

● முதல் ஷின்கான்சென் பெட்டிகளைக் கட்டிய நிறுவனங்களில் ஒன்று ஹிட்டாச்சி. 1979இல் இலங்கைக்கு வந்த எம்5 வகை டீசல் எஞ்சின்களைக் கட்டியதும் அதே ஹிட்டாச்சிதான்.

● திருகோணமலையில் 'டோக்கியோ' என்றால் முதலில் ஞாபகம் வருவது நகரமல்ல, சீமெந்துதான். ஏ. வை. எஸ். ஞானம் ஜப்பானியப் பங்காளியுடன் 1982இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆலை நம் துறைமுகக் கரையில்.

● தம்பலகாமக் குடாவின் ஓரமாக ரயில் வரும்போது கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பறவையின் அலகு ஒரு ரயிலின் மூக்காக மாறிய கதை இது.

ஒசாகாவிலிருந்து மேற்கே ஹக்கத்தா வரை போகும் பாதையில் ஏறத்தாழ பாதித் தூரம் சுரங்கம். வேகமாக வரும் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது, உள்ளிருக்கும் காற்று சைக்கிள் பம்பில் அமுக்கியதுபோல அமுங்கி, மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியேறும். பக்கத்து ஊர் வீடுகள் அதிரும். அங்கே பொறியியலாளராக இருந்த நகட்சு எய்ஜி விடுமுறை நாட்களில் பறவை பார்க்கப் போகிறவர். மீன்கொத்தி, தடை குறைந்த காற்றிலிருந்து தடை கூடிய நீருக்குள் பாய்கிறது. தண்ணீர் தெறிப்பதேயில்லை. திறந்த வெளியிலிருந்து சுரங்கத்துக்குள் பாயும் ரயிலுக்கும் அதே பிரச்சினைதானே என்று அவர் யோசித்தார். பரிசோதனையில் நல்ல பலன் தந்த வடிவம் மீன்கொத்தியின் அலகை ஒத்திருந்தது. 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு 15 மீற்றர் நீளம், வேகம் 300 கிலோமீற்றர்.

கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கையின் இரைச்சலைக் குறைக்க அவர் ஆந்தையிடம் போனார். ஆந்தை சத்தமின்றிப் பறப்பதற்குக் காரணம் இறகோரத்தில் உள்ள சிறு பல்வரிசை. அதையும் ரயிலில் வைத்தார். பொழுதுபோக்காகப் பறவை பார்த்த ஒரு மனிதரின் கண் இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

● ஜப்பானில் ரயில் அபிமானிகளுக்குத் 'தெட்சு' என்று செல்லப்பெயர். இரும்பு என்று பொருள். ஒரே இரும்பில் எத்தனை சாதி! ஏறிப் பயணம் செய்வதே இன்பம் என்பவர் 'நொரி-தெட்சு'. படம் எடுப்பவர் 'தொரி-தெட்சு'. எஞ்சின் உறுமல், கதவு மூடும் ஒலி, மேடை அறிவித்தல் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்பவர் 'ஒட்டோ-தெட்சு'. நேர அட்டவணையைக் கதைப்புத்தகம்போல வாசிப்பவர்கள் உண்டு. நிலையக் கட்டடங்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நிலையத்தில் விற்கும் சோற்றுப்பெட்டிக்காகவே பயணம் போகிறவர்கள் உண்டு. பிள்ளையின் ரயில் ஆசையில் தாங்களும் விழுந்துவிட்ட தாய்மாருக்கு 'மாமா-தெட்சு' என்று பெயர். ஜப்பானியப் பேச்சில் 'மாமா' என்றால் அம்மா.

எல்லாரும் நல்லவர்களல்லர். நல்ல கோணம் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தண்டவாளத்துக்குள் இறங்கி ரயிலை நிறுத்தவைத்த படப்பிடிப்பாளர்கள் மேல் அங்கே மக்களுக்குக் கடும் கோபம். எல்ல பக்கத்தில் ரயில் வாசலில் தொங்கிப் படமெடுத்து உயிரை விட்டவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ரயிலை நேசிக்கிறவர் அதன் பாதைக்குள் கால் வைக்கக்கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

● ஜப்பானில் தேசிய ரயில் நேர அட்டவணை மாதம் தவறாமல் வரும் தடித்த புத்தகம். அதில் ஒன்று 1925இலிருந்து வெளிவருகிறது. மட்சுமோட்டோ செய்ச்சோ 1950களின் இறுதியில் எழுதிய புகழ்பெற்ற துப்பறியும் நாவலின் முடிச்சே அட்டவணையில்தான் இருக்கிறது. டோக்கியோ நிலையத்தில் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடையை ரயில்கள் மறைக்காமல் பார்க்கக்கூடியது நாளில் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஒருவர் கண்ணில் பட்டது தற்செயலா, திட்டமா?

மியாவாக்கி ஷுன்சோ என்ற பதிப்பாசிரியர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் அரச ரயில் பாதை முழுவதையும், ஏறத்தாழ 20,000 கிலோமீற்றரையும், ஓய்வு நாட்களில் ஏறி முடித்தார். அதைப் பற்றி 1978இல் அவர் எழுதிய நூல்தான் வெறுமனே ரயிலில் ஏறுவதை மதிப்புக்குரிய காரியமாக்கியது.

● கல்ஓயா - திருகோணமலை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் காப்பது ஒரு வட்டத் தகடு. 'டப்லட்' என்பார்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஓடுவதற்கு அந்தத் தகடு சாரதியின் கையில் இருக்கவேண்டும். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்சாரத்தால் இணைந்தவை. ஒரு தகடு வெளியே இருந்தால் இரண்டாவது தகடு எந்தப் பக்கத்திலும் வெளிவராது. இங்கிலாந்தில் 1874இல் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு எட்வர்ட் டயர் கண்டுபிடித்த முறை இது. வளையத்தில் மாட்டிய தோற்பையை, நகரும் ரயிலிலிருந்து எட்டிப் பிடிக்கும் உதவியாளரின் கை லாவகத்தை ஒருமுறை நின்று பாருங்கள். ஜப்பானின் கிராமப் பாதைகளிலும் இதே தகடு ஓடியது. இன்று அது எஞ்சியிருக்கும் இடங்களுக்கு அபிமானிகள் யாத்திரை போகிறார்கள்.

ஷின்கான்செனில் பாதையோரச் சமிக்ஞை விளக்கே கிடையாது. 210 வேகத்தில் வெளியே உள்ள விளக்கைக் கண்ணால் பார்த்து நிறுத்த முடியாது. எவ்வளவு வேகம் போகலாம் என்பது தண்டவாளம் வழியாகச் சாரதியின் அறைக்குள்ளேயே வரும். மீறினால் பிரேக் தானே பிடிக்கும்.

● ஜப்பானிய ரயில் சாரதி ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லுவார். தனியே இருந்தாலும் சொல்லுவார். கண், கை, வாய், காது நான்கும் ஒரே காரியத்தில் சேர்வதால் கவனம் சிதறாது. ரயில்வே ஆராய்ச்சி நிலையம் செய்த பரிசோதனையில் தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன.

● கந்தளாய்க்கு அப்பால், கல்ஓயா, ஹபரணைக் காடுகளில் ரயில் யானைகளை மோதுவது நமக்குப் பழகிப்போன துயரம். பழகிப்போனதுதான் பெரிய துயரம். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் ஹபரணைப் பக்கத்தில் ஒரு கூட்டத்தை மோதி, ஆறு யானைகள் செத்தன.

ஜப்பானில் இதே பிரச்சினை மான்களோடு. கின்டெட்சு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பொறுமையாகக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். மான்கள் தண்டவாளத்தை நக்குகின்றன. சில்லும் தண்டவாளமும் உரசி உதிர்ந்த இரும்புத்தூள் அவற்றின் உடம்புக்குத் தேவைப்படுகிறது. தவிர, தாயும் குட்டியும் பாதையின் இரு பக்கமும் வாழும் குடும்பங்கள் அவை. போகாதே என்று வேலி போட்டால் தாண்டித்தான் வரும். ஆகவே வேலியில் ஓரிடத்தில் இடைவெளி விட்டார்கள். ரயில் ஓடும் நேரத்தில் மட்டும் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் அந்த இடைவெளியை அடைத்தார்கள். ரயில் ஓயும் இரவில் ஒலியை நிறுத்தி வழிவிட்டார்கள். மானுக்கும் ஒரு கடவை! வேறிடங்களில் மானின் எச்சரிக்கைச் சத்தத்தையும் நாய்க் குரைப்பையும் ரயிலிலிருந்தே ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். நாரா, கோபே பக்கத்தில் தண்டவாள மாற்றுக்குள் ஆமைகள் சிக்கி ரயில் தடைப்பட்டதால், ஆமை விழுந்து நடந்து வெளியேற ஒரு வாய்க்காலே 2015இல் வெட்டிக் கொடுத்தார்கள்.

அசாம் பக்கத்து இந்திய ரயில்வே தேனீயின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் விட்டு யானையை விலக்குகிறது. கோயம்புத்தூர் மதுக்கரையில் தமிழ்நாட்டு வனத்துறை கோபுரங்களில் கமெரா வைத்து, யானை பாதையை அண்டியதும் ரயில்வேக்குத் தகவல் போகச் செய்திருக்கிறது. அங்கே முடிகிறது. ஹபரணையிலும் முடியும்.

● 2004 டிசம்பர் 26. பெரலியவில் ஆழிப்பேரலை ஒரு ரயிலை மூழ்கடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. திருகோணமலைக் கரையிலும் அன்று நாங்கள் பிணம் தூக்கினோம். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தும், ஓடிக்கொண்டிருந்த அந்த ரயிலுக்கு ஒரு சொல் போய்ச் சேரவில்லை.

ஜப்பானில் கரையோரமெங்கும் நிலநடுக்கமானிகள் இருக்கின்றன. முதலில் வரும் மெல்லிய அதிர்வை உணர்ந்ததுமே அவை ஷின்கான்செனின் மின்சாரத்தைத் துண்டிக்கும். பெரிய அதிர்வு வருமுன் ரயில் வேகம் தணியத் தொடங்கிவிடும். 2011 மார்ச் 11இல் வடகிழக்கில் பயணிகளோடு ஓடிய எந்த ஷின்கான்செனும் தடம் புரளவில்லை. அதே நாள் ஷின்ச்சி என்ற சிறிய கரையோர நிலையத்தில் சாதாரண ரயிலொன்றை அலை சுருட்டி எறிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பயணிகளாக அதில் வந்திருந்த இரண்டு இளம் பொலிஸ்காரர், எல்லாரையும் இறக்கி மேட்டுக்கு நடத்திக்கொண்டு போயிருந்தார்கள்.

● ஷின்கான்சென் பிறந்த அதே 1964, டிசம்பர் 22 இரவு. வட இலங்கையைக் கடந்து போன சூறாவளி தனுஷ்கோடியில் பாம்பன் பயணிகள் ரயிலைக் கடலுக்குள் இழுத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தலைமன்னாருக்குக் கப்பலேறும் தனுஷ்கோடி துறையும் அன்றோடு முடிந்தது. ஒரே ஆண்டு, இரண்டு ரயில்கள்.

● தெட்சுக்களில் 'சோஷிக்கி-தெட்சு' என்றொரு பிரிவு உண்டு. மரணச்சடங்குக்கு வருகிறவர்கள் என்று பொருள். ஒரு பாதை மூடப்படும்போது கடைசி ரயிலை வழியனுப்ப வருவார்கள். 108 கிலோமீற்றர் நீளமான சாங்கோ பாதை 2018 மார்ச் 31இல் மூடப்பட்டபோது ஊர்மக்களும் வெளியூராரும் மேடைகளில் நிறைந்து நின்று கையசைத்தார்கள்.

1990 ஜூன் 13இல் போரால் யாழ்தேவி ரயில் நின்றபோது நாம் கையசைக்கவில்லை. அதுதான் கடைசி ஓட்டம் என்று ஏறினவர்களுக்கே தெரியாது. சிலிப்பர்கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 24 ஆண்டு கழித்து, 2014 ஒக்டோபர் 13இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, தண்டவாளத்தையே முன்பு காணாத பிள்ளைகள் பிள்ளைகளைப் பெற்றிருந்தார்கள். மூடிய பாதைக்கு மரணச்சடங்கு நடத்துகிற ஊரைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன்.

● இன்னுமொன்றையும் மறைக்கக்கூடாது. 1942 - 43இல் ஜப்பான் இராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் ரயில்பாதை போட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கதை சினிமாவரை போய்விட்டது. ஆனால் அங்கே இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர். ஏறத்தாழ 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாகச் சொல்லியும் பிடித்துக்கொண்டும் போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். கொலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பாதையில் ஓடிய சீ56 வகை நீராவி எஞ்சினொன்று டோக்கியோவில் யசுக்குனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் பளபளப்பாக நிற்கிறது. தாய்லாந்திலிருந்து 1979இல் திரும்பிய இன்னொன்று ஓய்காவா பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடியது. எஞ்சினைப் படம் எடுக்கிறவர்கள் அந்தச் சிலிப்பர்கட்டைகளின் கீழே கிடப்பவர்களையும் அறிந்திருக்கவேண்டும்.

● நிலையத்தில் விற்கும் சோற்றுப்பெட்டிக்கு 'எக்கிபென்' என்று பெயர். 1885இல் உட்சுனோமியா நிலையத்தில் மூங்கில் பட்டையில் சுற்றிய இரண்டு சோற்றுருண்டையோடு தொடங்கியது என்பார்கள். யொக்கொகாவா நிலையத்தில் மலையேற உதவி எஞ்சின் பூட்டும்வரை ரயில் நிற்கும். அந்தச் சில நிமிடத்தை நம்பி, 1958இலிருந்து மண்சட்டியோடு சூடான சோறு விற்றார்கள். சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மலைப்பாதை 1997இல் மூடப்பட்டது. சட்டிச்சோறு இன்னும் விற்கிறது. நமக்குக் கடதாசிச் சுருளில் இறால் வடையும் அவித்த கடலையும். பெட்டிக்குப் பெட்டி 'வடே, வடே' என்று பாடிக்கொண்டு வரும் குரலை ஒரு ஒட்டோ-தெட்சு இன்னும் பதிவு செய்யாமல் இருப்பது பெரிய இழப்பு.

● டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் நிற்பது 12 நிமிடம். இறங்கவும் ஏறவும் போக, துப்புரவுக்குக் கிடைப்பது 7. அதற்குள் குப்பை எடுத்து, இருக்கைகளைத் திருப்பி, மேசை துடைத்து, வெளியே வரிசையாக நின்று பயணிகளுக்குத் தலை வணங்குவார்கள். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள்.

● பாதையைச் சோதிக்கும் மஞ்சள் ரயிலுக்கு 'டொக்டர் யெல்லோ' என்று பெயர். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே தண்டவாளத்தையும் மின்கம்பியையும் அளக்கும். ஏறத்தாழ பத்து நாளைக்கொருமுறை வரும். எப்போது வரும் என்று அறிவிக்கமாட்டார்கள். ஆகவே அதைக் காண்பது நல்ல சகுனம். அதன் இரண்டு வண்டிகளில் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது பெரியவர்களும் அழுதார்கள். நம் பாதையின் டொக்டர்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாக வெயிலில் நடக்கிறவர்கள். கந்தளாய்க்கும் முள்ளிப்பொத்தானைக்கும் இடையே ரயில் கடக்கும்போது ஒதுங்கி நிற்கும் அவர்களைக் கண்டால் கையசையுங்கள். அதுவும் நல்ல சகுனம்தான்.

● 'பிளாரெயில்' என்ற நீலநிறப் பிளாஸ்டிக் தண்டவாள விளையாட்டு 1959இல் வந்தது. அன்று வாங்கிய தண்டவாளத்தோடு இன்று வாங்கியதும் பொருந்தும். தாத்தாவின் வளைவில் பேரப்பிள்ளையின் ரயில் ஓடும்.

● 1954இலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு டீசல் எஞ்சின்கள் தந்தது. எம்2 வகை. பலவற்றின் பக்கத்தில் ஒரு கனடிய மாகாணத்தின் பெயர். பெரலியவில் அலையில் அகப்பட்ட 591இன் பெயர் மனிட்டோபா. அதைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். முதலாவதான 569இன் பெயர் ஒன்டாரியோ. நீராவியைக் கைவிட்டு டீசலுக்கு நாட்டை மாற்றிய காலத்தின் நாயகன் பி. டி. ரம்பல. 1955இலிருந்து 1970வரை ரயில்வேப் பொதுமுகாமையாளர். யாழ்தேவி போன்ற பெயர்பெற்ற ரயில்கள் அவர் காலத்தவை. இலங்கை ரயில் அபிமானிகளுக்கு இந்தக் 'கனடா எஞ்சின்' என்றால் தனி மயக்கம். அதன் உறுமலை இருட்டிலும் பிரித்துச் சொல்லுவார்கள்.

என் அக்கா அப்படிச் சொல்லக்கூடியவ. சிறுவயதில் கோட்டை நிலையத்தில் எஞ்சினின் பக்கத்திலிருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி 'ஒன்டாரியோ' என்று வாசித்து, அது என்ன ஊர் என்று அப்பாவைக் கேட்டா. போர் அவவை அந்த ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஒன்டாரியோவில்தான் இருக்கிறா. போன மாதம் ஒரு விடியற்காலை, திருகோணமலை மேடையில் நின்று, வந்து நிற்கும் இரவு ரயிலின் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பினேன். பதில் வர நேரமாகவில்லை. நாலு தரம் கேட்டதாகச் சொன்னா. பிறகு சொன்னா: "தம்பி, இது கனடா எஞ்சின் இல்லையே."